எச்பிஏ1சி ஏறினால், திட்டுவதற்கு முன் கார்ட்ரிட்ஜைப் பாருங்கள்

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பதின்வயதுப் பிள்ளைக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 10, 11 சதவீதம் என்று ஏறினால், "பொறுப்பில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். இன்சுலின் பேனாவின் கார்ட்ரிட்ஜ், அதாவது மருந்துக் குப்பி, 3 மில்லி. மில்லிக்கு 100 யூனிட் என்றால் மொத்தம் 300. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத் தினம் 25 யூனிட் போடுகிறவருக்கு, ஒவ்வொரு முறையும் ஊசியைச் சோதிக்கத் தள்ளும் 2 யூனிட்டையும் சேர்த்தால், பத்து நாளில் தீர்ந்துவிட வேண்டும். மூன்று வாரமாகியும் பாதி மிச்சம் என்றால் டோஸ் உடம்புக்குள் போகவில்லை.

மறதியாக இருக்கலாம், நாலு பேர் முன்னால் ஊசி போடக் கூச்சமாக இருக்கலாம். எடை கூடிவிடும் என்ற பயமாகவும் இருக்கலாம். இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நோய் தெரியும் முன் இளைத்த உடம்பு, இன்சுலின் தொடங்கியதும் தேறும். பிள்ளை அந்தப் பழியை இன்சுலின் மீது போட்டுவிடும். போதாக்குறைக்கு ஒவ்வொரு கவளத்துக்கும் கார்போ (மாவுச்சத்து) எண்ணச் சொல்கிறோம். சர்க்கரை தாழ்ந்தால் அகோரப் பசி. 15 கிராம் குளுக்கோஸ் போதும் என்ற இடத்தில் கண்ணில் பட்டதெல்லாம் உள்ளே போகும். பிறகு குற்ற உணர்ச்சி, அடுத்த டோஸ் குறையும்.

இன்சுலின் இல்லாமல் குறையும் எடையில் நீரும் தசையும் சேர்ந்தே போகின்றன. கூடவே, கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலமான கீட்டோன் ஏறும். இரத்தக் கீட்டோன் 1.5 மில்லிமோலைத் தாண்டினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 3-ஐத் தொட்டாலோ, வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தாலோ நேராக மருத்துவமனை. விசாரணையெல்லாம் அப்புறம்.

எடைப் பயத்தால் டோஸைக் குறைப்பதும் உணவுக் கோளாறில் சேரும். ஆனால் அதைக் கண்டறியும் பொதுக் கேள்விப் படிவங்கள் இங்கே சரிப்படாது; சாப்பாட்டைக் கவனிப்பது இந்த நோயில் சிகிச்சையின் பகுதி, இன்சுலினைப் பற்றியோ அவை கேட்பதே இல்லை. டெப்ஸ்-ஆர் என்ற 16 கேள்விப் படிவம் இதற்கென்றே வந்தது. 80-க்கு 20 அல்லது அதற்கு மேல் வந்தால், மனநல மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

நீண்ட நாள் விட்டதை ஒரே வாரத்தில் சரிக்கட்ட முயல வேண்டாம். சர்க்கரை சட்டென்று இறங்கினால் ஏற்கெனவே பழுதான விழித்திரை மோசமாகலாம், கால் நரம்புகளில் எரிச்சல் வலி வரலாம். கண் பரிசோதனை முடித்து, மருத்துவர் சொல்லும் படிகளில் டோஸை ஏற்றுங்கள். முதல் நாட்களில் கணுக்கால் வீங்கும், எடை மளமளவென ஏறும். அது பெரும்பாலும் நீர். சில வாரங்களில் வடியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பிள்ளை ஊசியை மறுபடி நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான்.