பாதி துடைத்த பலகை

சனிக்கிழமை இணைந்த கணித வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும், திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தையில் நிற்கும் கரும்பலகையில் பாதியைத்தான் துடைப்பேன். மற்றப் பாதியில் நானும் தோழியும் மூன்று மாதமாக மல்லுக்கட்டும் கணக்கு இருக்கிறது. சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். புள்ளிகளுக்கு நிறம் கொடுக்கவேண்டும்; ஒரு கோட்டின் இரு முனைக்கும் ஒரே நிறம் வரக்கூடாது. எத்தனை நிறம் போதும்?

ஐந்து மணிக்கு அவள் வருவாள். பிளேன்ரீ ஆறும்வரை இருவரும் பேசமாட்டோம். அப்புறம் ஒருத்தி தொடங்குவாள்.

"ஒற்றை எண்ணிக்கைப் புள்ளிகள் உள்ள சுற்றே இல்லையென்றால்?"

"இரண்டு நிறம் போதும், அது தெரிந்ததுதானே. ஒன்றே ஒன்று இருந்தால்?"

"அதில் ஒரு புள்ளியை எடுத்துவிடு. மிச்சத்துக்கு இரண்டு, எடுத்ததுக்கு மூன்றாவது."

இப்படித்தான் போகும். பாதி யோசனையை, பிழையாக இருந்தாலும், வாய்விட்டுச் சொன்னால்தான் மற்றவளுக்குப் பிடி கிடைக்கும். என் உயர்தரப் பிள்ளைகளோ விடை சரியென்று தெரியும்வரை கொப்பியைக் கையால் மறைக்கிறார்கள். எனக்கு அது மனவருத்தம்.

கணிதக்காரர் கட்டுரை எழுதினால் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில்தான் போடுவார்கள். யார் பெரியவர், யார் கூடுதலாக எழுதினார் என்ற கணக்கு அங்கே இல்லை. இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

போன மாதம் பிள்ளைகளுக்கு லுவோவ் நகரத்து ஸ்காட்டிஷ் கஃபே கதையைச் சொன்னேன். அப்போது போலந்தில் இருந்த ஊர், இப்போது உக்ரைனில். கணிதக்காரர் பனாக்கும் நண்பர்களும் அங்கே பளிங்கு மேசையிலேயே கணக்கு எழுதுவார்கள். மேசையைத் துடைத்தால் எல்லாம் போச்சு. பனாக்கின் மனைவி ஒரு தடித்த கொப்பி வாங்கிக் கொடுத்தார். தீராத கணக்குகளைப் பரிசோடு சேர்த்து அதில் எழுதினார்கள். 1936-இல் அவர்களில் ஒருவரான மசூர் எழுதிய 153-ஆம் கணக்குக்குப் பரிசு, உயிருள்ள வாத்து. 1972-இல் சுவீடன்காரர் பெர் என்ஃப்லோ அதைத் தீர்த்தார். மசூர் சொன்னபடியே வாத்தைக் கொடுத்தார்.

அடுத்த நாளே ஒரு சீஆர் கொப்பி வாங்கி யன்னல் கம்பியில் நூலால் கட்டிவிட்டேன். இரண்டு கிழமை வெறுமையாகவே கிடந்தது. நேற்றுப் பார்த்தால் பென்சிலில் நாலு வரி:

"உவர்மலை ஒழுங்கைகள் எல்லாவற்றையும், ஒன்றைக்கூட இரண்டாம் தரம் நடக்காமல், நடந்து முடிக்கலாமா? நான் தொடங்கினேன், பாதியில் நிற்கிறேன். பரிசு: அப்பா பிடிக்கிற பாரை ஒன்று."