கண்ணாடித் துண்டு

மார்ச் 3

நாங்கள் சரிசெய்யப் போகிற அக்கா வீட்டுக்கு வந்த நோட்டீஸைப் படித்தேன். வீடு ஆபத்தாக இருக்கிறதாம், 31-ஆம் தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் காலி செய்ய வேண்டும். அக்கா அதை நான்காக மடித்துத் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

வாசலோரம் ஒரு சாக்கு மூட்டை. சின்னவள் தன் புத்தகங்களையெல்லாம் கட்டி வைத்திருக்கிறாள். யாரும் சொல்லவில்லையாம், அவளாகவே கட்டியிருக்கிறாள்.

மார்ச் 4

மேஸ்திரி அண்ணன் சுத்தியலால் கூரைத் தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் ‘டங்’ என்றது. பின்னறை நடுவில் ‘பொத்’. இன்னும் ஒரு தட்டுக்குக் காரை பெயர்ந்து விழுந்து கம்பி தெரிந்தது. விரல் வைத்தால் செதில் செதிலாக உதிர்கிறது. இரும்பு இருந்த இடம் துருவுக்குப் போதாது. அது பருத்துக்கொண்டே போய் உள்ளேயிருந்து தள்ளும், காங்கிரீட் வெடிக்கும்.

கறை அறையின் நடுவில். ஆனால் தண்ணீர் இறங்குவது மாடியில் கைப்பிடிச் சுவரின் அடியில், ஏழெட்டு அடி தள்ளி. “மேல அடைக்காம கீழ பூசுனா அடுத்த மழைக்கு அதுவும் விழும்” என்றார் அண்ணன். இதற்கு முன் இரண்டு முறை கீழே மட்டும் பூசியிருக்கிறார்கள். அக்கா கடன் வாங்கிப் பூசியது.

கதவு மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரு முனையிலும் சாந்து அப்பினோம். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். சின்னவள் அதன்மேல் தேதி எழுதினாள்.

மார்ச் 5

உடையவில்லை.

மார்ச் 7

முட்டுக் கொடுத்துவிட்டுப் பொரிந்ததையெல்லாம் கொத்தி எடுத்தோம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து இரண்டு தோளும் போச்சு.

பாட்டி அறையை விட்டு நகரவில்லை. “தூசி பாட்டி, கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க” என்றேன். “வெளிய போனா திரும்ப உள்ள விடுவாங்களா தம்பி?” என்று கேட்டார்.

நாற்காலியைக் கதவுக்கு இந்தப் பக்கமே, வீட்டுக்குள்ளேயே போட்டேன். அங்கே உட்கார்ந்தார்.

மார்ச் 9

கதவுக்கு மேல் சுவரைத் தாங்கும் காங்கிரீட் கட்டை, அந்தப் பழைய லிண்டலை எடுத்துவிட்டுப் புதிது போட்டாயிற்று. 1 பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு ஜல்லி. 14 நாளைக்கு முட்டுக் கட்டையைத் தொடக் கூடாது. காங்கிரீட்டின் வலிமையை 28-ஆம் நாள் கணக்கில்தான் சொல்வார்கள். விரல் விட்டு எண்ணினேன், ஏப்ரல் 6. மறுபடி எண்ணினாலும் ஏப்ரல் 6 தான்.

மார்ச் 10

இன்று நான் செய்தது தப்பு. சாந்து இறுக ஆரம்பித்துவிட்டது, வீணாக்க வேண்டாமே என்று தண்ணீர் தெளித்துக் குழப்பிப் பூசிவிட்டேன். அண்ணன் ஒன்றும் பேசாமல் கரணையால் அத்தனையையும் வழித்துக் கீழே போட்டார். அப்புறம்தான் சொன்னார்: “ஒரு தடவ இறுகுனத மறுபடி இளக்குனா பிடிக்காது தம்பி. இதுக்கு அடியில கொழந்த படுக்குது.”

தூக்கம் வரவில்லை.

மார்ச் 13

ஈரச் சாக்கு போர்த்தி நாளைக்கு மூன்று வேளை நனைக்கிறோம். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. குறைந்தது 7 நாள் ஈரம் வேண்டும். பகலில் பாட்டியே ஒரு சொம்போடு எழுந்துவிடுகிறார்.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 1948-இன் மனித உரிமைப் பிரகடனம், 25-ஆவது பிரிவு, அதில் வீடும் இருக்கிறது. 1991-இல் ஐ.நா. குழு ஒன்று போதுமான வீடு என்றால் என்ன என்று ஏழு விஷயங்களாக விளக்கியது. யாரும் துரத்த முடியாதபடி இருப்பதற்கான சட்டப் பாதுகாப்பு ஒன்று. குடியிருக்கத் தகுதியாக இருப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே குடும்பத்துக்காக எழுதியவை. நோட்டீஸில் மட்டும் எப்படி ஒன்றைக் காட்டி மற்றதைப் பறிக்கிறார்கள்? வீடு ஆபத்தாக இருக்கிறது, உண்மை, நானே தட்டிப் பார்த்தேன். அதற்காக ஆளை வெளியேற்றினால் ஓட்டை அடைபடுமா? வேலைக்கு வந்த எங்கள் நாலு பேருக்கும் லீவு கிடைத்து, மூட்டை சிமென்ட்டும் கிடைத்ததால் இந்த வீடு. இதே தெருவில் இன்னும் மூன்று வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அங்கே யார் போவது?

மார்ச் 16

தண்ணீர் ஊற்றினேன். கண்ணாடி அப்படியே இருக்கிறது.

மார்ச் 23

முட்டு எடுத்தோம். கடைசி முட்டுக் கட்டையை அண்ணன் தட்டித் தட்டித் தளர்த்தும்போது யாரும் மூச்சு விடவில்லை. லிண்டல் நின்றது. ரசமட்டம் வைத்தேன், குமிழி நடுவில். சின்னவளும் எட்டிப் பார்த்தாள்.

மூட்டை வாசலோரமே இருக்கிறது.

மார்ச் 26

கைப்பிடிச் சுவரின் அடியை அடைத்தாயிற்று. இன்னும் ஒழுகுகிறதா என்று மாடி முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்க்கலாம் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. சரிதான். 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. இந்தத் தளத்தின் தலையில் அதை ஏற்றக் கூடாது. கைப்பிடிச் சுவரோரம் மட்டும் சின்னதாகப் பாத்தி கட்டி, விரல் உயரத்துக்கு ஊற்றினோம்.

மார்ச் 27

24 மணி நேரம் ஆயிற்று. கீழே உள்ளங்கையை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தேன். காய்ந்த சுவர். காய்ந்த சுவர்! அக்கா அழுதுவிட்டார்.

மார்ச் 29

கண்ணாடியில் ஒரு கீறல். முடி அளவு, கீழ் ஓரத்தில். நேற்று இருந்ததா? அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்து, “விரிசலுக்கு நேரா இல்ல, ஓரத்துல கை பட்டிருக்கும்” என்கிறார். சின்னவளோ தொடவே இல்லை என்கிறாள். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நாலாம் தேதி எடுத்ததையும் இதையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 30

பத்து மணிக்கு மேல் தூறல். அக்காவுக்கு போன் பண்ணினேன். அறை காய்ந்துதான் இருக்கிறது, பாட்டி தூங்கிவிட்டார் என்றார். கண்ணாடியைக் கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 31

ஐந்து மணி. வெளியே இன்னும் நனைந்துகொண்டிருக்கிறது. நோட்டீஸ் கொடுத்தவர்கள் ஒன்பதுக்குத்தான் வருவார்கள், நான் இப்போதே கிளம்புகிறேன். ரசமட்டம், டார்ச், இரண்டு போட்டோவும் பைக்குள் இருக்கின்றன.