விக்ஸம் தந்த லிங்கன்

மிச்சிகனுக்கு வேலைக்கு வரும் நம்மவர்களில் பலரை இங்கே கூட்டிவந்தது கார்த் தொழில்தான். என்னையும்தான். குடியேறியது நோவை என்ற ஊரில். ஆனாலும் வந்த புதிதில் கார் என்றால், பனிக்காலக் காலையில் மக்கர் பண்ணாமல் கிளம்ப வேண்டிய ஒரு சாமான், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், விக்ஸம் ஊரில் ஃபோர்டு நிறுவனம் லிங்கன் கார்களைச் செய்த ஆலையில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பாவும் அங்கேதான். 2007இல் ஆலையை மூடிவிட்டார்கள். பெரியவர் பேச்சில் இன்னும் ஷிப்ட் முடியவில்லை. ஆகஸ்டில் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் சாரிசாரியாக ஓடும் நாளில், மடக்கு நாற்காலியோடு என்னையும் இழுத்துப் போனார். அங்கேதான் ஃபோர்டின் சொகுசுக் காரான 1961 லிங்கன் கான்டினென்டலைப் பார்த்தேன்.

அந்தக் கால அமெரிக்கக் கார்களுக்கு வாலில் சிறகு, உடம்பெல்லாம் க்ரோம். இதில் அதெல்லாம் இல்லை. முன்னிருந்து பின்வரை ஒரே நேர்கோடு, அதன்மேல் மெல்லிய பளபளப்புப் பட்டை. முந்தைய மாடலைவிட நீளத்தில் ஓர் அடிக்கு மேல் குறைவு. வடிவமைப்பாளர் எல்வுட் எங்கல் இந்த வடிவத்தை முதலில் ஃபோர்டின் இன்னொரு காரான தண்டர்பேர்டுக்காகத்தான் செய்தார். லிங்கன் நஷ்டத்தில் தள்ளாடிய நேரம். களிமண் மாதிரியைப் பார்த்த ஃபோர்டு உயரதிகாரி ராபர்ட் மெக்னமாரா, இதையே நான்கு கதவு லிங்கனாக்க முடியுமா என்று கேட்டாராம். கணக்குப் புலி என்று பெயரெடுத்தவர். ரசனையிலும் சோடை போகவில்லை.

பின் கதவுகளுக்குக் கீல் பின்பக்கம். அதனால் முன்கதவும் பின்கதவும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரியும். பின் இருக்கைக்காரர் காலை மடக்கி அவதிப்பட வேண்டாம். நாங்கள் பார்த்தது கூரை மடங்கும் வகை. உரிமையாளர் பொத்தானை அழுத்தினார். டிக்கி மூடி பின்புறமாகத் தூக்கிக்கொண்டது, துணிக்கூரை எழுந்து மடிந்து உள்ளே போய்ப் படுத்தது, மூடி சாத்திக்கொண்டது. எல்லாம் மோட்டார், ரிலே, எண்ணெய் அழுத்தம். கூரை உள்ளே போனபின் டிக்கியில் ஒரு பெட்டி வைக்கக்கூட யோசிக்க வேண்டும்!

பெரியவர் பெருமைப்பட்டது வேறு விஷயத்துக்கு. ஒவ்வொரு வண்டியையும் 12 மைல் ஓட்டிப் பார்த்துத்தான் ஆலையிலிருந்து அனுப்பினார்களாம். 2 ஆண்டு, 24,000 மைல் வாரன்டி அன்று கேள்விப்படாத தைரியம்.

இப்போதெல்லாம் ஊரிலிருந்து யார் வந்தாலும் டியர்பார்னிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறேன். கென்னடி சுடப்பட்டபோது அமர்ந்திருந்த கார் அங்கே நிற்கிறது. அதுவும் 1961 கான்டினென்டல்தான். சின்சினாட்டியில் வெட்டி நீட்டியது. 1963க்குப் பிறகு குண்டு துளைக்காத கவசமும் நிலையான கூரையும் போட்டு, 1977 வரை அதிபர்களுக்கு அதையே ஓட்டினார்கள். இதைக் கேட்டு மாமனார் அசந்துபோனார். “நம்ம ஊரா இருந்தா அன்னைக்கே தலையைச் சுத்தி எறிஞ்சிருப்போம், மாப்பிள்ளை.”

அதைப் பெரியவரிடம் சொன்னேன். “எறியறதா? அது விக்ஸம் வண்டி!” என்றார்.