ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கு ஏற்ற ரைஃபிள்

ஆப்பிரிக்கக் காட்டெருமை வேட்டைக்கு எந்த ரைஃபிளை எடுப்பது என்ற கேள்விக்கு, லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912இல் அறிமுகப்படுத்திய .375 மேக்னம் தோட்டாவுக்கான (.375 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில்) ரைஃபிளே இன்றும் என் முதல் விடை. ஏறத்தாழ 19 கிராம் எடையுள்ள அதன் குண்டு, நொடிக்கு 750 மீட்டர் அளவிலான வேகத்தில் புறப்பட்டு, தடித்த தோலையும் எலும்பையும் துளைத்து ஆழமாகச் செல்கிறது. சுடும்போது ரைஃபிள் பின்னோக்கித் தள்ளும் பின்னுதைப்போ, பழகிய தோள் தாங்கக்கூடியதாகவே இருக்கிறது. .416 ரிக்பி, .458 வின்செஸ்டர் ஆகிய தோட்டாக்கள் இன்னும் வலியவை என்பது உண்மைதான். ஆனால் உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவரின் பெரிய குண்டு, விலங்கைக் காயப்படுத்தி நெடுநேரம் வதைக்கவே செய்யும்; அதை என்னால் ஏற்க முடியாது.

குறிபார்க்கும் கருவியில்தான் பலர் தவறுகிறார்கள். புதர்க்காட்டில் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்ளேயே சுட நேர்வதால், 12 மடங்கு பெருக்கும் ஸ்கோப்பில் கருந்தோல் தெரியுமே தவிர, தோள்பட்டை எங்கே என்பது தெரியாது. பெருக்கத்தை 1 முதல் 4 மடங்கு வரை மாற்றக்கூடியதும், உதைக்கும்போது புருவத்தில் மோதாதபடி கண்ணிலிருந்து 9 சென்டிமீட்டராவது தள்ளியிருந்து பார்க்க இயல்வதுமான ஸ்கோப் போதும். அதை எளிதில் கழற்றக்கூடிய பிடிப்பில்தான் பொருத்த வேண்டும். காயம்பட்ட எருமையைத் தேடி அடர்புதருக்குள் நுழையும்போது ஸ்கோப்பைக் கழற்றிவிட்டால், குறிபார்க்கக் குழலின் மேலேயே உள்ள அகன்ற பள்ளமுடைய பின்குறியும் வெண்மணி முன்குறியுமே விரைவாகக் கண்ணில் படும்.