கடைசியாகப் படித்த பள்ளி என்றொரு கட்டம்

"டிசி எவிடெ?" என்றார் படிப்பு மையத்துக்காரர். கொடுத்தேன்.

"இது அஞ்சாங் கிளாஸ் டிசியல்லே. எட்டாவது மார்க் லிஸ்ட்?"

இல்லைங்க என்றேன்.

"அப்போ ஹோம் ஸ்கூலிங் பெர்மிஷன் லெட்டர்?"

அப்படி ஒரு கடிதத்தை எந்த அலுவலகத்திலும் யாரும் தருவதில்லைங்க என்றேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குழந்தைக்கு எதாவது பிரச்சினையா? டிஸபிலிட்டி சர்டிபிகேட் இருந்தா அதக் கொடுங்க" என்றார். பாப்பா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், கையில் அவளே அடுக்கிய ஃபைலுடன்.

இது நடந்தது 2025 ஜனவரியில். என்ஐஓஎஸ், அதாவது பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வு எழுதுகிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதன் பத்தாம் வகுப்புக்குச் சேர்க்கப் போன ஒரு படிப்பு மையத்தில். மையத்தின் பெயர் வேண்டாம். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறவர்கள் யாராவது இதே வழியில் வரப்போகிறீர்கள் என்றால், நான் அலைந்த அலைச்சலில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

எங்கள் தோட்டம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஆந்திரச் சித்தூர் அல்ல. ஒருமுறை கூரியர்க்காரன் அங்கே அனுப்பிவிட்டான். ரேஷன் கார்டு கேரளா, பேச்சு தமிழ், சந்தைக்குப் பொள்ளாச்சி. பாப்பாவும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பள்ளிக்குத்தான் வேனில் போய்க்கொண்டிருந்தாள். 2020 மார்ச்சில் செக்போஸ்ட்டை மூடினார்கள். ஆறேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பள்ளிக்கு இ-பாஸ் வேண்டும் என்றானது. வீட்டில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவள், கேட் திறந்த பிறகும் போகவில்லை. ஏன் போகவில்லை, நாங்கள் ஏன் அனுப்பவில்லை என்பதை எழுதினால் அது வேறு கட்டுரையாகிவிடும். மாமனார் இன்னும் அதைப் பற்றி என்னிடம் நேராகப் பேசுவதில்லை.

முதல் தலைவலி டிசி. ஐந்தாம் வகுப்பில் போன் வழியாக நடந்த பாடத்துக்கு ஒரு டேர்ம் கட்டணம் கட்டியிருந்தோம். மீதி டேர்ம்களையும் கட்டினால்தான் டிசி என்றார்கள். சண்டை போட்டுப் பாதியாகக் குறைத்துக் கட்டினோம். கட்டணப் பாக்கிக்காக டிசியைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கறாராகச் சொன்னது 2024 ஜூலையில். எங்களுக்கு மூன்று வருடம் தாமதம். உங்களுக்கு உதவும், சொல்லிப் பாருங்கள்.

பணத்தை வாங்கிய பிறகு இன்னொரு கேள்வி வந்தது: "எந்த ஸ்கூலுக்கு மாத்தறீங்க?" எந்த ஸ்கூலுக்கும் இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாதாம். கடைசியில் 'சொந்தக் காரணம்' என்று காரணக் கட்டத்தில் எழுதி எப்படியோ தள்ளினார்கள். எதற்கும் எங்களுக்கென்று ஒரு கட்டம் இல்லை என்பது அன்றைக்குத்தான் முதலில் உறைத்தது. பிற்பாடு பழகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள், பக்கத்துத் தோட்டத்து அக்கா உட்பட. நான் படித்துப் புரிந்துகொண்டது இதுதான். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும். அதன் 10ஆம் பிரிவு பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. 2012இல் ஒரு திருத்தம் வந்தது. கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகள் விரும்பினால் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று. மையத்துக்காரர் சர்டிபிகேட் கேட்டதன் வேர் அதுவாக இருக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்கு ஆம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. ஆகவே 'எங்களுக்கு அனுமதி இருக்கு' என்று யாரிடமும் மார்தட்டாதீர்கள். 'நாங்க தப்பு செய்யறோம்' என்று கூனிக் குறுகவும் வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அதே சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, நடுவில் மனம் மாறினால் பிள்ளையை அவள் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாமனாரின் வாயை அடைத்தது அந்த ஒரு வரிதான்.

2022இல் கணக்கெடுக்க வந்தார்கள். கல்வித்துறையிலிருந்து ஒரு டீச்சர், கூட அங்கன்வாடிச் சேச்சி. பள்ளிக்குப் போகாத குழந்தை இந்த வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார்கள். அன்றைக்குப் பார்த்து பாப்பா களத்தில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் முதலில் கேட்டது அதைத்தான்: வேலை வாங்குகிறீர்களா? குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தப்படி, 14 வயதுக்குள்ளே இருக்கிற பிள்ளை பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம். பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். உள்ளே போய் நோட்டுகளை எடுத்து வந்தேன்.

அந்த நோட்டுகள்தான் காப்பாற்றின. ஆரம்பத்திலிருந்தே ஒரு பழக்கம் வைத்திருந்தோம், அதுவும் என் வீட்டுக்காரர் பால் சொசைட்டிக் கணக்கு எழுதுகிற பழக்கத்தில் வந்தது. தேதி போட்டு அன்றன்றைக்கு என்ன படித்தாள் என்று இரண்டு வரி. மாதக் கடைசியில் ஒரு சின்னப் பரீட்சைத் தாள், மார்க்கோடு. கூடவே நூலகச் சீட்டு, மலையாளம் எழுதப் பழகிய காப்பிப் புத்தகம். டீச்சர் அரைமணி நேரம் புரட்டினார். பாப்பாவிடம் ஒரு மலையாளப் பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தடுக்கித் தடுக்கிப் படித்துவிட்டாள். "நல்லாத்தான் படிக்குது. ஆனா என் ரெஜிஸ்டர்ல பள்ளியில் இருக்கு, பள்ளியில் இல்லைன்னு ரெண்டே கட்டம்தான்" என்று சொல்லி, இரண்டாவதில் டிக் போட்டார். போகும்போது மோர் குடித்துவிட்டு, பிள்ளைக்கு எந்த நேரம் படிப்பு என்று ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், அடுத்து வருகிறவர் என்னைப்போல் இருக்க மாட்டார் என்றார். அன்று மாலையே ஒட்டினோம். நோட்டில் தேதி போடாதவர்கள் இன்றைக்கே ஆரம்பியுங்கள். பழைய தேதியிட்டு ஒரே மூச்சில் எழுதினால் மை நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

நடுவில் நானாகத் தேடிக்கொண்ட வீண் அலைச்சல் ஒன்று. எட்டாம் வகுப்புச் சான்று இல்லாமல் பத்தாவது எழுத முடியாது என்று யாரோ சொன்னதை நம்பி, தமிழ்நாட்டில் தனித்தேர்வராக எட்டாவது எழுத வைக்கலாம் என்று பொள்ளாச்சிக்குப் போனேன். 12½ வயது முடிந்தவர்கள் எழுதலாம் என்பது உண்மை. ஆனால் விண்ணப்பிக்கிற நாட்கள் கொஞ்சம்தான். நான் போனபோது அது முடிந்து நான்கு நாள். பஸ்ஸில் திரும்பும்போது என்ஐஓஎஸ் விவரக்குறிப்பேட்டை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். 14 வயது முடிந்திருந்தால் போதும். எட்டாவது சான்று இல்லாதவர்கள், பத்தாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கிற அளவு தகுதி எனக்கு இருக்கிறது என்று சுயஉறுதிமொழி கொடுத்தால் போதும். மூன்று வருடமாக அந்த பிடிஎஃப் என் போனில் தூங்கிக்கொண்டிருந்தது.

வயதுக்குச் சான்று? பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால், பெயர்க் கட்டத்தில் வெறும் கோடு. பிரசவம் கோவைப் பக்கம், அம்மா வீட்டில். 'பெண் குழந்தை' என்று பதிந்து வாங்கி வந்ததோடு சரி. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க ஒரு வருடம் வரைக்கும் கட்டணமில்லை, அப்புறம் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரைக்கும்தான். பாப்பா பிறந்தது 2010 ஆகஸ்ட். நான் பார்த்தது 2024 நவம்பர். ஒன்பது மாதம் இருந்தது, தப்பித்தோம்.

தப்பித்தோம் என்று சொல்லிவிட்டேன், அதற்கும் மூன்று தடவை போனேன். முதல் தடவை, அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது தடவை இவரையும் கூட்டிக்கொண்டு போனால், பள்ளியில் படிப்பதற்கான சான்று எங்கே என்றார்கள். வீட்டில் படிக்கிறாள் என்றதும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் வேறு ஒருவரைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. மூன்றாவது தடவை டிசியின் அசலைக் கொண்டுபோனதும் ஒப்புக்கொண்டார்கள். கொடுத்த பணத்துக்கு அந்த டிசி உழைத்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் இனிஷியல். எல்லையில் இருக்கிறவர்களுக்கு இது பரம்பரை நோய். டிசி தமிழ்நாட்டு வழக்கப்படி: இனிஷியல் முன்னால். கேரளத்தில் எடுத்த ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். ரேஷன் கார்டில் பின்னால், ஆனால் ஒற்றை எழுத்து. ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர். பிறப்புப் பதிவில் ஒருமுறை ஏற்றிவிட்டால் மாற்றுவது லேசில்லை என்று அந்த ஜன்னல்காரரே எச்சரித்தார் (அதற்காக அவருக்கு நன்றி). அங்கேயே நின்று யோசித்து, ஆதாரில் இருக்கிறபடியே எழுதச் சொன்னோம். ஆன்லைன் படிவங்கள் ஆதாரைத்தான் முதலில் ஒத்துப்பார்க்கும். எந்த வடிவம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, தாளில் பெரிதாக எழுதி எடுத்துப் போங்கள். வரிசையில் நின்று யோசித்தால் பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

இனி மறுபடி அந்த மையம். விவரக்குறிப்பேட்டின் சுயஉறுதிமொழிப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கர் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். படித்தார். இன்னொருமுறை படித்தார். "இது புது ரூலா?" என்றார். பழசுதாங்க என்றேன். அதற்குமேல் பேச்சில்லை. பாப்பா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்; நாலைந்து வருட அலைச்சலுக்கு அது போதும் என்று தோன்றியது.

ஆனால் அவர் விடவில்லை. பணத்தை மொத்தமாகக் கட்டினால் 'பாஸ் கேரண்டி' என்றார். எழுந்துவிட்டேன். பாஸ் கேரண்டி என்று யார் சொன்னாலும் எழுந்துவிடுங்கள். விண்ணப்பத்தை நாமே ஆன்லைனில் போடலாம், கட்டணமும் நேராக அங்கேயே கட்டலாம். வீட்டுக்கு வந்து நாங்களே போட்டோம், ஒரு மணி நேர வேலை. ஐந்து பாடம்: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். அதில்கூட ஒரு தப்பு செய்தேன். கேரள முகவரி கொடுத்த வேகத்தில் பயிற்றுமொழியில் மலையாளம் என்று அழுத்திவிட்டேன் போல. உறுதிச் சீட்டு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. மண்டல அலுவலகத்துக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டுத் தமிழுக்கு மாற்ற ஆறு வாரம். சமர்ப்பிக்கும் முன்னால் வீட்டில் இன்னொருவரை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பாப்பாவிடம் கொடுத்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள்.

அப்புறம் டிஎம்ஏ, அதாவது வீட்டிலிருந்து எழுதித் தருகிற ஒப்படைப்பு. 20 சதவீத மதிப்பெண் அதில்தான். தேர்ச்சிக்கு 33 என்கிறபோது அந்த இருபதை அலட்சியம் செய்யாதீர்கள். தெரிந்த பையன் ஒருவன் கொடுத்த கேள்வித்தாளை வைத்து அறிவியல் முழுவதும் எழுதி முடித்தாள், படமெல்லாம் போட்டு. அது முந்தைய தவணையின் கேள்வித்தாள். தவணைக்குத் தவணை கேள்வி மாறும். மறுபடி எழுதினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து மார்ஜின் கோடு போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபரில் முதல் தேர்வு. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு இருக்கிறது. கணக்கை ஏப்ரலுக்குத் தள்ளலாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. தள்ள வேண்டாம் என்கிறவள் பாப்பா மட்டும்தான்.

இந்த மாதத்தோடு அவளுக்கு 15. ஆதாரில் கைரேகையும் கண்ணும் மறுபடி பதிய வேண்டும். செவ்வாய்க்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறோம். பெயரைத் திரையில் எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகுதான் ரசீதைக் கையில் வாங்கப் போகிறேன்.