பாதி யூரியாக்காரருக்கு யார் விலை போடுவது?

வெள்ளவத்தையில் மரக்கறிக் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் "இது மருந்தடிக்காததா?" என்ற கேள்வி கட்டாயம் காதில் விழும். கடைக்காரர் சளைக்காமல் "ஓம் அக்கா, மருந்தே படாத சாமான்" என்பார். அந்தக் கரட் எந்தத் தோட்டம், யார் விதைத்தது என்று அவருக்கே தெரியாது. விடியற்காலையில் பேலியகொடை மெனிங் சந்தையில் மூடையோடு தூக்கி வந்தது. கேட்டவருக்கும் அது தெரியும். கேட்ட திருப்தி அவருக்கு, சொன்ன திருப்தி இவருக்கு.

எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. ஓம், இல்லை என்ற இரண்டு பதிலுக்குத்தான் அதில் இடம். மண்ணையும் தண்ணீரையும் பார்த்துப் பார்த்து விவசாயம் செய்கிற பலர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்: பசளையைக் குறைத்தவர்கள், மருந்தைக் கடைசிக்குத் தள்ளிப் போட்டவர்கள், வைக்கோலை எரிக்காமல் விட்டவர்கள். கொழும்புச் சந்தையில் இவர்களுக்கென்று தட்டும் இல்லை, விலையும் இல்லை. 2021இல் பசளைத் தடையால் நாடு பட்ட பாட்டுக்குப் பிறகாவது இது நமக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் தாய்மாமா கிளிநொச்சியில் வயல் செய்கிறார், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில். அவரை இயற்கை விவசாயி என்று யாராவது சொன்னால் அவரே சிரிப்பார். யூரியா போடுகிறார், களைநாசினி ஒரு தரம் அடிக்கிறார், கேட்டால் ஒளிக்காமல் சொல்வார். ஆனால் முன்பு போட்ட யூரியாவில் இப்போது அரைவாசிக்குக் கொஞ்சம் மேலேதான் போடுகிறார், விளைச்சல் விழவில்லை. அந்த மாற்றம் எந்த அரசாங்கமும் சொல்லி வந்ததில்லை. சொல்லப்போனால் அரசாங்கம் சொன்னபோதுதான் எல்லாம் குழம்பியது.

2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச கொண்டுவந்த "சுபீட்சத்தின் நோக்கு" கொள்கைப் பிரகடனத்தில் சேதனப் பசளைக்கு மாற 10 வருடம் என்றுதான் இருந்தது. 10 வருடம் என்றால் பேசிப் பார்க்கலாம். 2021 ஏப்ரல் கடைசியில் அறிவிப்பு, மே 6ஆம் திகதி வர்த்தமானி, அவ்வளவுதான், இரசாயனப் பசளையும் மருந்தும் இறக்குமதி தடை. டொலர் தட்டுப்பாடும் ஒரு காரணம் என்பது ஊரறிந்த விசயம். பிறகு சீனாவிலிருந்து "ஹிப்போ ஸ்பிரிட்" கப்பலில் சேதனப் பசளை வந்ததும், மாதிரியில் பயிருக்கு நோய் தருகிற எர்வினியா பக்டீரியா இருக்கிறது என்று இங்குள்ளவர்கள் இறக்க மறுத்ததும், கடைசியில் அந்தப் பசளை கரைக்கு வராமலே 67 இலட்சம் டொலர் கட்டியதும் மறந்திருக்காது. தடையை நவம்பரில் தளர்த்தினார்கள். அதற்குள் பெரும்போக விதைப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. தேயிலை 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோ, 2022இல் 25 கோடி. யூரியா மூடை கறுப்புச் சந்தையில் 40,000 ரூபாய் வரை போனது.

இழப்பைவிட எனக்குப் பெரிய கெடுதலாகத் தெரிவது வேறொன்று. அந்த வருடத்துக்குப் பிறகு ஊரில் கூட்டெரு என்று வாயெடுத்தாலே ஆட்கள் சிரிக்கிறார்கள். விவசாயப் போதனாசிரியர் கூட்டத்தில் நல்ல நோக்கத்தோடு ஏதாவது சொல்ல வெளிக்கிட்டாலும், பின்வரிசையில் இருந்து "அடுத்த கப்பல் எப்ப சேர்?" என்று ஒரு குரல் வந்துவிடும். நன்றாகச் செய்திருந்தால் ஊன்றியிருக்கக்கூடிய ஒன்றைப் பகிடியாக்கி விட்டார்கள்.

கணக்கைப் பார்த்தாலே அது நடக்காது என்று விளங்கும். யூரியாவில் 46 வீதம் நைதரசன். உலர் வலய நீர்ப்பாசன வயலுக்கு விவசாயத் திணைக்களம் சொல்லி வந்த அளவு ஏக்கருக்கு ஏறத்தாழ 90 கிலோ, அதாவது 40 கிலோ சொச்சம் நைதரசன். நல்ல கூட்டெருவில் ஒன்றரை வீதம் இருந்தால் அதிகம். அதே நைதரசனைக் கூட்டெருவில் மட்டும் கொடுக்க ஏக்கருக்கு மூன்று தொன்னுக்குக் கிட்ட வேண்டும், அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மிச்சம் மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் வரும். சேதன விவசாயம் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மண் தேற வருடங்கள் எடுக்கும், ஆனால் வயல்காரரின் கடன் ஒரு போகத்தில் திரும்பக் கட்ட வேண்டியது. இந்த இடைவெளியை யார் தாங்குவது என்பதற்குப் பதில் சொல்லாமல் எதையும் தடை செய்ய முடியாது.

சரி, மாமா என்ன செய்கிறார்?

முதலாவது வைக்கோல். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கிற பொற்றாசியத்தில் 80 வீதத்துக்கு மேல் வைக்கோலில்தான் தங்கி நிற்கிறது. அதை எரித்தாலோ விற்றாலோ, காசு கொடுத்து வாங்கின பசளையைத்தான் வயலை விட்டுத் துரத்துகிறோம். எல்லோருக்கும் தெரிந்த விசயம், ஆனாலும் எரிக்கிறார்கள். ஏன் என்றால் வெட்டுமெசின் வைக்கோலை நீளநீளமாகக் குவித்துவிட்டுப் போகும், அதைப் பரவக் கூலி வேண்டும்; பரவாமல் உழுதால் கலப்பையில் சுற்றும். விதைப்புக்குக் கிட்ட உழுது புரட்டினால் இன்னொரு கரைச்சல், வைக்கோலை உக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற நைதரசனைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளடிக்கும். அந்த மஞ்சளைக் கண்டு பதறி யூரியா மூடையை அவிழ்த்தவர்கள் எத்தனை பேர். மாமா அறுவடை முடிந்த கையோடு ஆள் பிடித்துப் பரவி விடுகிறார், மாடு வைத்திருக்கிற ஒருவரை வயலுக்குள் பட்டி கட்ட விடுகிறார். மாடு பாதியைத் தின்று சாணமும் சலமுமாகத் திருப்பிக் கொடுக்கும், மிதித்த மிச்சம் மழைக்கு உக்கும். பட்டி கட்டுவது அவர் கண்டுபிடித்ததில்லை, தாத்தா காலத்துப் பழக்கம். இடையில் விட்டுப்போனது.

இரண்டாவது ஒரு பிளாஸ்டிக் அட்டை. இலை நிற அட்டை என்பார்கள், மெல்லிய பச்சையிலிருந்து கரும்பச்சை வரை படிப்படியாக நிறம் போட்டது, சட்டைப் பைக்குள் வைக்கலாம். காலையில் வயலுக்குள் இறங்கி, நன்றாக விரிந்த இளம் இலையை அட்டையில் வைத்துப் பார்ப்பார், தன் உடம்பு நிழல் இலையில் விழுகிற மாதிரி வெயிலுக்கு முதுகு காட்டிக்கொண்டு. வெயில் நேரே பட்டால் எல்லா இலையும் வெளிறித்தான் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து இலை, பாதிக்கு மேல் குறித்த படியைவிட வெளிறியிருந்தால் யூரியா, இல்லாவிட்டால் அடுத்த கிழமை திரும்பப் பார்ப்பது. முன்பு நாள் கணக்கு வைத்துத்தான் வீசுவார், பயிர் கேட்டதா இல்லையா என்று பார்ப்பதில்லை. நான் முதலில் பார்த்தபோது, "இதென்ன மாமா, பெயின்ட் கடை அட்டையோ?" என்றேன். "சிரி பிள்ளை, சிரி. உந்த அட்டை எனக்கு மூடைக் காசு மிச்சம் பிடிச்சுத் தந்திருக்கு. யூரியா கூடினா நெல்லு கரும்பச்சையா மினுங்கும், அறக்கொட்டியும் சேர்ந்து வரும். பிறகு அதுக்கு மருந்து, மருந்துக்குக் கூலி" என்றார். அறக்கொட்டி என்றால் தத்தி, பயிரின் சாற்றை உறிஞ்சுகிற பூச்சி, நெல்லுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. நைதரசன் மிஞ்சின பயிரில் அது பெருகும் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பல காலமாகச் சொல்வதுதான்.

வரம்போரம் சீமைக்கிளுவை மரம் நட்டிருக்கிறார், குழையை வெட்டிப் பசளையாக மண்ணுக்குள் தாழ்க்கிறார். பெரிய அளவில்லை.

தண்ணீரில் மட்டும் அவர் அசையவில்லை. வயலை இடைக்கிடை காயவிட்டு, பிறகு பாய்ச்சுகிற முறை தண்ணீரை மிச்சம் பிடிக்கும், மீதேன் வாயுவையும் குறைக்கும் என்று நான் இணையத்தில் படித்ததைப் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "முறைத் தண்ணி பிள்ளை. இண்டைக்கு வாய்க்காலில வந்தது அடுத்த முறை சொன்ன நாளுக்கு வருமெண்டு ஆர் உறுதி தாறது? வாறபோது கட்டி வைக்காட்டி பிறகு வானத்தைத்தான் பாக்கோணும்." காயவிட்டால் களையும் கிளம்பும், களை பிடுங்க ஆளில்லை, களைநாசினி கூடும். கடைவாய்க்கால் வரை தண்ணீர் சொன்ன நாளில் சொன்ன அளவில் வந்தால் அவரும் காயவிடுவார். இதில் விவசாயிக்கு அறிவூட்ட ஒன்றுமில்லை, வாய்க்காலைத்தான் திருத்த வேண்டும்.

சேதனம் என்றாலே சாது என்றும் நினைக்கக்கூடாது. மலைநாட்டில் லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுகிற சரிவுகளில் கோழி எருவை லொறிக்கணக்கில் கொட்டி, அதற்கு மேல் பசளையும் போடுகிறார்கள். கோழி எரு முழுக்க முழுக்க இயற்கைதான். அளவு மிஞ்சினால் மழையோடு ஆற்றுக்குத்தான் போகும். யாழ்ப்பாணத்தில் கதை வேறு, அங்கே சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிற நிலத்தடித் தண்ணீர்தான் குடிக்கவும் இறைக்கவும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடுகிற பசளையில் மிஞ்சுவது நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்குகிறது, சுன்னாகம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் அது குடிநீருக்கான எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்துத் தோட்டம் செய்த ஊர் அது. அந்த நாளைக்குத் திரும்பிப் போ என்று சொல்வது சுலபம். குழை வெட்ட இன்றைக்கு என்ன கூலி என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

கொழும்புக்கு வருகிறேன். நாம் ஒரு நாளைக்கு வெளியே வைக்கிற குப்பையில் பெரும்பங்கு சாப்பாட்டுக் கழிவு. அதைத்தான் மீதொட்டமுல்லையில் மலையாகக் குவித்து வைத்திருந்தோம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அது சரிந்து 32 பேர் இறந்தார்கள். இப்போது ஒரு பகுதி கெரவலப்பிட்டியில் எரிந்து மின்சாரமாகிறது. ஈரக் குப்பையை எரிப்பதைவிட உக்க வைப்பது நல்லது, ஆனால் வயலில் அதை யார் வாங்குவார்? மாமா ஒரு தடவை நகரக் கூட்டெரு வாங்கினார். மூடையை அவிழ்த்துக் கொட்டினால் ஷாம்பு பைக்கற்று, போத்தல் மூடி, உடைந்த கண்ணாடித் துண்டு. வெறுங்காலோடு இறங்குகிற வயலுக்குள் யார் அதைப் போடுவார்கள்? நம் குசினியில் இரண்டு வாளி வைத்துப் பிரிக்காததன் பலன் அங்கே காலில் குத்துகிறது.

விலை விசயத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஜிஏபி, அதாவது நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் ஓரளவு நடுவழி என்று சொல்லலாம். அது பசளையைத் தடை செய்யவில்லை, எதை எப்போது அடித்தீர்கள் என்று எழுதி வைக்கச் சொல்கிறது, மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துகிறது. பைக்கற்றில் கியூஆர் குறியீடு இருக்கும், போனில் அடித்தால் தோட்டத்தின் விபரம் வரும். நல்ல ஏற்பாடு. நான் அதைக் காண்பது பெரும்பாலும் பெரிய சுப்பர் மார்க்கெட் மரக்கறித் தட்டுகளில். நெல்லுக்கு வந்தால் கதையே வேறு. மாமாவின் நெல் ஆலைக்குள் போனதும் பத்துப் பேரின் நெல்லோடு கலந்துவிடும். வைக்கோல் எரித்தவர், எரிக்காதவர், மூன்று மூடை வீசியவர், அட்டை பார்த்தவர் எல்லோருக்கும் கிலோவுக்கு ஒரே விலை, ஈரப்பதனுக்கு மட்டும் கழிவு.

அவர் முழுக்க இயற்கையாகச் செய்வது ஒரு துண்டுக் காணி மட்டும், அதில் பச்சைப்பெருமாள் என்ற பழைய சிவப்பரிசி நெல். அந்த இனம் உயரமாக வளரும், யூரியா போட்டால் சாய்ந்துவிடும், அதனால் போடாமல் விடுவதில் நட்டமில்லை. விளைச்சல் குறைவு, ஆனால் கொழும்பில் சிவப்பரிசிக்கு நல்ல விலை. விலை இருக்கிற இடத்தில் ஆட்கள் தாங்களாகவே மாறுகிறார்கள். யாரும் வர்த்தமானி போடத் தேவையில்லை.

இந்த மாசி அறுவடையில் நான் ஒரு சின்ன வேலை பார்த்தேன். மாமாவின் மற்ற நெல்லை, பாதி யூரியா நெல்லை, ஊரில் ஒரு சின்ன மில்லில் தனியாகக் குற்றுவித்து, எங்கள் மாடிக் குடியிருப்பில் நாலைந்து வீட்டுக்கு எடுத்துக் கொடுத்தேன். தனியாகக் குற்றுவதற்குக் கூலி கூட, லொறிக் கூலி வேறு, கடைசியில் கடை விலையைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடத்தான் வந்தது. மேல்மாடி அக்கா மூடையைத் திறந்து கையால் அளைந்து பார்த்துவிட்டு, "இது ஓர்கானிக்கோ?" என்றார். இல்லை அக்கா, பசளை பாதிதான் போட்டது, வைக்கோல் எரிக்கவில்லை, என்று நான் மூச்சு விடாமல் விளக்கினேன்.

"பாதிதான் எண்டா பிறகேன் விலை கூட?"

நான் குற்றுகூலி, லொறிக் கணக்கெல்லாம் சொன்னேன். பத்துக் கிலோ எடுத்தார். வண்டு பிடிக்குமா, மருந்து போட்டு வைக்கலாமா என்றும் கேட்டார். வேப்பிலை போடச் சொன்னேன். மாமாவிடம் அடுத்த போகத்துக்கும் ஐந்து மூடை சொல்லி வைத்திருக்கிறேன், அவர் முதலில் காசு அனுப்பச் சொல்கிறார்.