அம்மாவின் முழங்காலுக்கு ஒரு கணக்கு

சாயங்காலம் ஆறரைக்கு நான் கொம்பியூட்டரைத் திறக்கும்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையில், அவர்களுடைய கோடை நேரத்தில், காலை ஒன்பது மணி. இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், அண்ணன் கட்டிய வீடு, அதில் பின்னறை. ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலை இருட்டிக்கொண்டு வரும். திரையில் யாரோ ஒருவருடைய முதுகுவலி பில் வந்து நிற்கும். அதைப் பார்த்து, காசு கொடுக்கலாமா கூடாதா என்று முதல் வாசிப்பு வாசிப்பதுதான் என் வேலை. நான்கு வருடமாகச் செய்கிறேன்.

சொந்தக்காரர்கள் கேட்டால் 'பில் பார்க்கிற வேலை' என்றுதான் சொல்வேன். அதற்கு மேல் விளக்கப் போனால் தேத்தண்ணி ஆறிவிடும். இங்கே கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் அம்மாவின் முழங்கால் கதை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் உடம்புக்கென்றே காசு ஒதுக்கி வைக்கும் கணக்குகள் இரண்டு உண்டு. ஒன்று எஃப்.எஸ்.ஏ. வேலை கொடுப்பவர் மூலம் சம்பளத்திலிருந்து வரிக்கு முன்னாலேயே ஒரு தொகையைக் கழித்து வைப்பது. 2024இல் அதன் உச்சம் 3,200 டொலர். வருடம் தொடங்கிய நாளிலேயே முழுத் தொகையையும் செலவழிக்கலாம், சம்பளத்தில் இன்னும் கழிபடாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் வருடம் முடிந்தால் மிச்சம் போய்விடும். சில கம்பனிகள் அதிகபட்சம் 640 டொலரை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக விடுவார்கள், சில இரண்டரை மாதம் தவணை கொடுப்பார்கள், சில இரண்டுமே இல்லை என்பார்கள். மற்றது எச்.எஸ்.ஏ. ஆரம்பச் செலவின் பெரும்பகுதியை நம் கையிலிருந்தே கட்டவேண்டிய வகைக் காப்புறுதி எடுத்தவர்களுக்கு மட்டும். 2024இல் தனியாளுக்கு 4,150 டொலர், குடும்பத்துக்கு 8,300. அது ஆளுடைய சொந்தக் காசு, வேலை மாறினாலும் கூடவே வரும், வருடம் முடிந்தாலும் அழியாது. எச்.எஸ்.ஏ.க்கு பில்லை யாரிடமும் காட்டத் தேவையில்லை, ஆனால் வரிக்காரர் கேட்கிற நாளில் கையில் இருக்கவேண்டும். வைத்தியம் அல்லாத செலவுக்கு எடுத்தால், 65 வயதுக்குள் இருப்பவருக்கு வரியோடு 20 வீதம் தண்டம்.

எது வைத்தியம், எது வைத்தியம் இல்லை? என் இரவுகள் போவது இந்தக் கேள்வியில்தான். அக்குபங்சர் ஆகும். முதுகெலும்பைப் பிடித்துச் சரிசெய்யும் கைரோபிராக்டர் ஆகும். மூக்குக்கண்ணாடி, பல்லு, பிசியோதெரபி எல்லாம் ஆகும். வெறும் உடம்புப் பிடி ஆகாது. ஆனால் 'இன்னாருக்கு இன்ன நோய், அதற்கு இந்தப் பிடி தேவை' என்று வைத்தியர் எழுதிய கடிதம் இருந்தால் ஆகும். ஜிம் காசும் விட்டமின் குளிசையும் அதே கதைதான். பொதுவாக உடம்பு நன்றாக இருக்கட்டும் என்று செய்வதற்குக் காசில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்க வரித் திணைக்களமே ஒரு எச்சரிக்கை விட்டது: சாதாரண சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் வைத்தியச் செலவு மாதிரிக் காட்டித் தருவதாகச் சொல்லும் கம்பனிகளை நம்பாதீர்கள் என்று. அந்த மாதம் எங்கள் வரிசையில் பில் குவிந்து கிடந்தது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு விடிகாலை மூன்றரைக்குத் திரையை விட்டு எழும்புவேன். ஒன்றரை மணித்தியாலத்தில் அம்மா எழும்பும் சத்தம் கேட்கும். முதலில் கட்டில் முனகும். அப்புறம் சுவரில் கை வைக்கும் சத்தம். அப்புறம் ஒரு நீண்ட மூச்சு. அதற்குப் பிறகுதான் கால் நிலத்தில் படும். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு என்னால் தூங்க முடியாது.

அம்மா 1984இல் தோட்டத்தில் பேர் பதிந்து 2016இல் வேலையை விட்டவர். 32 வருடம் கொழுந்து பறித்தார். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டி மலை ஏறினால், கொழுந்து நிறுக்கத்தான் இறக்கம். கிலோ குறைந்தால் அரைப் பேர், அரைநாள் சம்பளம்தான். வேலையை விட்டபோது அடிப்படை நாள் சம்பளம் 450 ரூபாய். 2024 செப்டம்பரில் அது 1,350 ஆனது. அம்மாவின் சம்பளத்திலிருந்து 8 வீதம், தோட்டம் போட்ட 12 வீதம் என்று ஊழியர் சேமலாப நிதிப் பணம் வந்தது. வேலை செய்த வருடங்களுக்கான சர்விஸ் காசும் வந்தது. அக்காவின் கல்யாணக் கடன் மிச்சம், இந்த வீட்டின் அத்திவாரம், கூரைத் தகரம். ஆறு மாதத்தில் முடிந்தது. முழங்காலுக்கென்று ஒரு ரூபாய் ஒதுங்கவில்லை. ஒதுக்கவேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை. 32 வருடம் அந்தக் காசைச் சம்பாதித்தது அந்த முழங்கால்தான், அதற்குப் பங்கு இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

சேமலாபத்தில் வைத்தியத்துக்கு முன்கூட்டியே எடுக்க வழி உண்டு என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். 10 வருடச் சந்தாவும் கணக்கில் குறைந்தது மூன்று லட்சமும் இருந்தால், வேலையில் இருக்கும்போதே 30 வீதம்வரை, வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ கேட்கலாம். ஆனால் அது பெரிய நோய்க்கும் சத்திரசிகிச்சைக்கும் உள்ள வழி. தேய்ந்த முழங்காலுக்கு எண்ணெய் போட அல்ல. தோட்டத்தில் இன்னும் வேலையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூட்டுத் தேய்மானம். காசு ஒரு சதம் கேட்கவில்லை, அந்த விஷயத்தில் இந்த நாட்டுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். குளிசை கொடுத்தார்கள், உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். வலி குறைந்தது, விறைப்பு குறையவில்லை. அம்மாவுக்கு எண்ணெய் வைத்தியத்தில் நம்பிக்கை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்காகப் போர்டு போட்டிருக்கும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனேன். நாடி பார்க்க ஆள் இல்லை, கிளினிக் கொப்பியை யாரும் கேட்கவில்லை. 45 நிமிடம் எண்ணெய் தேய்த்து 9,000 ரூபாய் வாங்கினார்கள். பில்லில் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: 'பெக்கேஜ்'. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பில்லைப் பார்த்துக்கொண்டே வந்தேன். யாருக்கு, என்ன நோய்க்கு, யார், என்ன செய்தார்கள்? ஒன்றுமே இல்லை. இரவு வேலையில் இப்படி ஒரு பில் வந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்பியிருப்பேன். சொந்த அம்மாவுக்கு என்றபோது கேட்கத் தோன்றவில்லை.

2024 ஜனவரியில் அம்மா பேரில் தனியாக ஒரு வங்கிப் புத்தகம் திறந்தேன். மாதம் 5,000 ரூபாய், சம்பளம் வந்த அன்றே. சட்டம் நானே போட்டேன்: இது உடம்புக் காசு. அரிசிக்கு இல்லை, திருவிழாவுக்கு இல்லை, அண்ணன் பிள்ளைகளின் கொப்பி புத்தகத்துக்கும் இல்லை. ஒவ்வொரு செலவுக்கும் பில் வேண்டும், பில்லில் திகதி, பேர், செய்த வைத்தியம், தொகை நான்கும் இருக்கவேண்டும். பில்லெல்லாம் பழைய பிஸ்கட் டின்னுக்குள்.

அம்மா ஏப்ரல்வரை ஒரு சதம் தொடவில்லை.

"ஏன் புள்ள, இருக்கிற காச முழங்கால்ல ஊத்தவா? கெடக்கட்டும். ஒனக்கு ஒரு நல்லது வந்தா ஒதவும்."

அப்போதுதான் அந்த எஃப்.எஸ்.ஏ. வழக்கம் ஞாபகம் வந்தது. டிசம்பர் கடைசி வாரத்தில் வரும் பில்களைப் பார்க்கவேண்டும். வருடம் முழுக்கக் கண்ணைப் பற்றி நினைக்காதவர் கண்ணாடி மாற்றுவார், பல்லுக்குப் போகாதவர் பல்லுக்குப் போவார். காசு போய்விடுமே என்ற பயம் ஆளைத் தன் உடம்புப் பக்கம் திருப்புகிறது. அம்மாவிடம் சொன்னேன்: "டிசம்பர் 31க்குள்ள செலவழிக்காட்டி அது ஒங்க காசு இல்லம்மா. எனக்கும் வராது. அப்படி ஒரு கணக்கு."

சோற்றுப் பருக்கை கீழே விழுந்தால் பொறுக்கி எடுக்கிறவர் அம்மா. கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ மிச்சத்த வேற யாருக்காச்சும் குடுக்கலாமா?" என்றார். "உடம்புக்குன்னா குடுக்கலாம்" என்றேன். சரி என்றார். அந்த விதி அம்மா போட்டது.

இந்தத் தடவை பதிவு செய்த ஆயுர்வேத வைத்தியரைத் தேடிப் போனோம். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். எல்லோரும் டொக்டர் மிஸ் என்பார்கள். முதலில் கிளினிக் கொப்பியைக் கேட்டார், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தேஞ்சது திரும்ப வளராது அம்மா. விறைப்பும் வலியும் கொறையலாம். ஆஸ்பத்திரியில சொன்ன பயிற்சிய நிப்பாட்டக் கூடாது" என்றார். அந்த வார்த்தைக்காகவே எனக்கு அவரிடம் மரியாதை வந்தது.

ஏழு நாள் வைத்தியம், நாளுக்கு 2,000. உளுந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து, முழங்காலைச் சுற்றி இரண்டு அங்குல உயரத்துக்குக் கிணற்றுக் கட்டு மாதிரிக் கட்டினார். உள்ளேயும் வெளியேயும் ஈர விரலால் தடவி ஓட்டை அடைத்தார். பக்கத்தில் சுடுதண்ணிச் சட்டிக்குள் எண்ணெய்க் கிண்ணம். தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டு, கட்டின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஆறினதும் பஞ்சால் ஒற்றிப் பிழிந்து எடுத்து, திரும்பச் சூடானதை ஊற்றினார். அரை மணித்தியாலம் இதே வேலை. முதல் நாள் அவர் காலைப் பிடித்ததும் அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அய்யோ மிஸ், நீங்க போயி என் காலத் தொடுறதா." பாதம் முழுக்க வெடிப்பு, குதிகாலில் அட்டை கடித்த பழைய தழும்புகள். மிஸ் ஒன்றும் பேசவில்லை. காலை மெதுவாகத் திரும்ப எடுத்துத் தன் மடிப்பக்கம் வைத்துக்கொண்டார். அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வரும்போது ஓட்டோவில் சொன்னார்: "ஒன் தாத்தா செத்த பொறவு என் கால ஒருத்தரும் பிடிச்சதில்ல."

ஓட்டோ போக வர ஒரு நாளைக்கு 1,200. அதையும் உடம்புக் கணக்கில்தான் எழுதினேன். அமெரிக்கச் சட்டத்திலேயே வைத்தியத்துக்குப் போகும் பயணம் வைத்தியச் செலவுதான், சொந்தக் கார் என்றால் 2024இல் மைலுக்கு 21 சதம். எங்கள் மலையில் பாதிப் பேர் வைத்தியத்தை விடுவது மருந்துக் காசுக்காக அல்ல, வேன் காசுக்காக. அதனால் இந்த ஒரு விதியை யாரும் மறக்காதீர்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தி மகன் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, தன் எச்.எஸ்.ஏ.யிலிருந்து தன் அம்மாவின், அதாவது சித்தியின், வைத்தியத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டார். முடியாது அண்ணா என்றேன். அந்தக் காசு அவருக்கும் அண்ணிக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் மட்டும். பெற்றவராக இருந்தாலும், அமெரிக்கப் பிரஜையாகவோ அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் வசிப்பவராகவோ இல்லாவிட்டால் சார்ந்தவர் என்று எழுத முடியாது. ஆனால் அவர் லீவில் இங்கே வந்து தன் பல்லைக் கட்டினால், முதுகுக்கு பிசியோதெரபி செய்தால், அது ஆகும். வெளிநாட்டில் செய்த வைத்தியம் என்பதற்காகத் தள்ளமாட்டார்கள். ஆங்கிலத்தில் விவரமாகப் பில் வாங்கவேண்டும். எண்ணெய் வைத்தியம் என்றால், அங்கே தன் வைத்தியரிடம் நோயைக் குறிப்பிட்டுக் கடிதம் வாங்கிக்கொண்டு விமானம் ஏறவேண்டும். கடற்கரை ஹோட்டல் ஆயுர்வேத விடுமுறையை அதில் எழுதக் கூடாது. இங்கிருந்து மருந்து தபாலில் எடுப்பதும் கூடாது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சித்திக்கு மாதாமாதம் சாதாரணமாகவே அனுப்புகிறேன், நீயே ஒரு புத்தகம் திறந்து கொடு என்றார். திறந்தாயிற்று.

ஏழாவது நாளுக்குப் பிறகு அம்மாவுக்குப் பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர்ப் பீலிக்குப் போகும் படிக்கட்டில் பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவதை விட்டு, நேராக இறங்குகிறார். விடிகாலை மூச்சு இன்னும் கேட்கிறது, முன்பைவிடக் குறுகியதாக. பயிற்சியை மறக்காமல் செய்கிறார், கணக்கில் எழுதவேண்டும் என்று நினைத்தோ என்னவோ, செய்த நாளெல்லாம் கலண்டரில் ஒரு புள்ளி வைக்கிறார்.

டிசம்பர் 28 இரவு டின்னைக் கவிழ்த்துப் பில்களைக் கூட்டினோம். வைத்தியம் 14,000. ஓட்டோ 8,400. வீட்டில் பூசும் எண்ணெய் 3,600. கண்ணாடி 9,500. மொத்தம் 35,500. மிச்சம் 24,500.

"மூணு நாள் இருக்குல்ல?" என்றார் அம்மா. சால்வையைப் போட்டுக்கொண்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு, மேல் லயத்துச் சின்னம்மா வீட்டுக்கு நடந்தார். சின்னம்மாவுக்குத் தோள்பட்டை. கூடை மாட்டின பக்கம் கை தலைக்கு மேல் ஏறாது, இரண்டு வருடமாகத் தலை சீவிவிடுவது மருமகள்தான். நான் வாசலில் நின்று பார்த்தேன். அங்கே முதலில் பெரிய வாக்குவாதம் கேட்டது. அப்புறம் அம்மாவின் குரல் மட்டும்: "காசு அழிஞ்சு போயிரும்னு சொல்றேன், ஒனக்கு வெளங்கல. காலையில எட்டு மணிக்கு ஓட்டோ வரும். கிளினிக் கொப்பிய எடுத்து வை."